விருந்தினராய் வந்த இசை நடத்துநர்

எங்கள் பங்கின் பாடகர் குழுவில் நீண்ட நாளாகப் பாடிவரும் இளைஞர் ஒருவர், சென்ற தவக்காலத்தில் ஒரு குறுந்தகட்டை என் கையில் கொடுத்து, "சாமி, இதை நீங்க கட்டாயம் பாக்கணும்" என்றார். கொடுக்கும்போது அவர் இதழோரத்தில் ஒரு சிறு புன்னகை தோன்றி மறைந்தது. அதன் பொருள், படத்தைப் பார்த்து முடித்த பிறகே எனக்கு விளங்கிற்று. அப்படத்தில் ஒரு பாடகர் குழுவின் மகிழ்ச்சியைக் குலைப்பவர் அந்த ஊர்ப் போதகர்!

திரைப்படத் திறனாய்வு என் துறையன்று. குருமடத்தில் எனக்குக் கற்றுத் தந்தது இறையியலும் மறைநூலும். ஆயினும் ஒரு கலைப்படைப்பு அருள்பணியாளரை நோக்கி விரல் நீட்டும்போது, அருள்பணியாளர் ஒருவரே அதற்கு மறுமொழி எழுதுவதுதான் முறை என்று தோன்றியது. அம்மறுமொழியில் ஒரு பாதி மறுப்பு. மறுபாதி ஒப்புதல் வாக்குமூலம். இரண்டையும் வாசகர் முன் வைக்கிறேன்.

படத்தின் பெயர் 'விண்ணுலகில் உள்ளதுபோல' எனப் பொருள்படும். ஆண்டவர் கற்பித்த செபத்திலிருந்து எடுக்கப்பட்ட சொற்கள் அவை. சுவீடன் நாட்டு இயக்குநர் கய் பொல்லாக் 2004இல் உருவாக்கிய இப்படம், சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதுப் பட்டியலில் இறுதிச் சுற்றுவரை சென்றது. 1986இல் ஒரு படத்தை இயக்கியபின் 18 ஆண்டுகள் வேறெந்தத் திரைப்படத்தையும் இயக்காது ஒதுங்கியிருந்தவர் பொல்லாக். அந்த நீண்ட மௌனத்தில் மனித உறவுகளைப் பற்றியும் மனவளர்ச்சியைப் பற்றியும் எழுதியும் பேசியும் வந்தார். அந்த எழுத்தின் நிறையும் குறையும் இப்படத்தில் சேர்ந்தே தெரிகின்றன.

வந்தவர்

உலகப் புகழ் பெற்ற இசை நடத்துநர் டேனியல் டாரியஸ். மேடையிலேயே மாரடைப்பால் வீழ்கிறார். உயிர் பிழைத்தாலும் அவருடைய இதயம் நலிந்துவிட்டது. இசை வாழ்வைத் துறந்து, வட சுவீடனில் தாம் பிறந்த சிற்றூருக்குத் திரும்புகிறார். அவ்வூர் அவருக்கு இனிய நினைவுகளைத் தந்த ஊர் அன்று. வயலின் வாசித்த சிறுவனான அவரை மற்றச் சிறுவர்கள் அடித்துத் துன்புறுத்திய ஊர் அது. பாழ்பட்டுக் கிடந்த பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கி, பனிக்காலத்தில் அதில் குடியேறுகிறார்.

அவ்வூர் ஆலயத்தில் ஒரு பாடகர் குழு உண்டு. வாரந்தோறும் வியாழக்கிழமை பங்கு மன்றத்தில் கூடிப் பயிற்சி செய்வார்கள். கடைக்காரர், போதகரின் மனைவி, கடையில் வேலை செய்யும் இளம்பெண், கணவனிடம் அடிபட்டு வாழும் ஒரு தாய், முதியவர்கள் என எல்லாரும் சாதாரண மனிதர்கள். "வந்து கேட்டுவிட்டு ஏதேனும் ஒரு நல்ல ஆலோசனை சொல்லுங்கள்" என்பதுதான் அவர்கள் அவரிடம் வேண்டிய உதவி. ஒரு மாலைப்பொழுதுக்கு விருந்தினராக அழைக்கப்பட்டவர் அங்கேயே தங்கிவிடுகிறார். தம்மையே ஆலய இசைப் பொறுப்பாளராக நியமிக்குமாறு போதகரிடம் கேட்கிறார். சுவீடன் லூத்தரன் திருச்சபையில் அது ஊதியம் பெறும் பணி. உலகின் பெரிய அரங்குகளில் நின்றவர், ஒரு சிற்றூர்ப் போதகரின் கீழ் வேலை கேட்டு நிற்கும் அந்தக் காட்சியிலேயே பின்னர் வெடிக்கப்போகும் சிக்கலின் விதை கிடக்கிறது. மேலானவர் ஒருவர் தமக்குக் கீழ்ப்பட்டு வரும்போது அதைத் தாங்கிக்கொள்ள மிகப் பெரிய மனம் வேண்டும்.

டேனியலாக நடித்த மைக்கேல் நிக்விஸ்ட் 2017இல் காலமானார். புகழின் களைப்பும் குழந்தையின் கூச்சமும் ஒரே முகத்தில் மாறிமாறித் தெரிய நடித்த அவருடைய கலை, படத்தின் பல குறைகளை மறைத்து நிற்கிறது.

கேட்பதே முதற்பாடம்

டேனியல் தம் குழுவுக்கு முதலில் பாடக் கற்றுத் தருவதில்லை; கேட்கக் கற்றுத் தருகிறார். கண்களை மூடச் செய்கிறார். தரையில் படுக்கச் செய்கிறார். மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார். இசை ஏற்கெனவே எங்கும் நிறைந்திருக்கிறது, அதற்குச் செவி கொடுத்து அதைப் பற்றிக்கொள்வதே நம் வேலை என்பது அவர் கருத்து. ஒவ்வொருவருக்கும் அவருக்கே உரிய சுரம் ஒன்று உண்டு, அதை முதலில் அவரவர் கண்டடைய வேண்டும் என்கிறார். ஊரார் தொடக்கத்தில் நகைக்கிறார்கள், வெட்கப்படுகிறார்கள். பிறகு ஒருநாள் எல்லாருடைய குரலும் ஒன்றாய்க் கலக்கும்போது தங்கள் காதுகளைத் தாங்களே நம்ப இயலாமல் திகைக்கிறார்கள்.

இது திரைப்படக்காரரின் கற்பனை என்று தள்ளிவிட இயலாது. பாடகர் குழு ஒன்றை நடத்திய எவரும் இதை அறிவர். குரல் வளம் இல்லாமையால் கெடும் குழுக்கள் சில. அடுத்தவர் குரலைக் கேளாமையால் கெடும் குழுக்களோ பல. நம் ஆலயங்களில் ஒலிபெருக்கி வந்த பின்னர் இந்நோய் முற்றிவிட்டது. ஒலிவாங்கிக்கு மிக அருகில் நிற்பவரே குழுவின் குரலாகிவிடுகிறார். பின்வரிசையில் நிற்போர் உதடு அசைக்கிறார்கள். இறைமக்களோ வேடிக்கை பார்க்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, பாடகர் குழுக்களைப் பேணி வளர்க்குமாறு கூறிய அதே பத்தியில், இறைமக்கள் அனைவரும் தமக்குரிய பங்கை ஆற்றுமாறு மேய்ப்பர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் பணித்தது. மக்களின் முழு ஈடுபாட்டைப் பற்றிப் பேசும் இடத்தில், பாடலோடும் மறுமொழியோடும் புனித மௌனத்தையும் சேர்த்தே அது எண்ணியது. மௌனமும் வழிபாட்டில் பங்கேற்பதே ஆகும். டேனியல் தம் குழுவைத் தரையில் படுக்கவைத்துச் செய்தது இந்த மௌனப் பயிற்சியே எனலாம். சங்கத்தின் ஏட்டை அவர் படித்திருக்கமாட்டார். நாம் படித்திருக்கிறோம்; ஆனால் செய்வதில்லை.

இக்குழுவில் டோரே என்றோர் இளைஞன் வருகிறான். அறிவுவளர்ச்சி குன்றியவன். அவன் குழுவில் சேர்வதைச் சிலர் விரும்பவில்லை. பாட்டைக் கெடுத்துவிடுவான் என்பது அவர்கள் அச்சம். டேனியல் அவனுக்கு இடம் கொடுக்கிறார். அவன் எழுப்பும் ஆழ்ந்த ஒற்றைக் குரல் மற்றக் குரல்களுக்கெல்லாம் அடித்தளமாக அமைகிறது. உடலின் வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகத் தேவையானவை எனப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை எத்தனை முறை மறையுரையாக ஆற்றியிருக்கிறேன்! அதற்கு இவ்வளவு எளிய விளக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை.

திருச்சபையைப் பாடகர் குழுவாகக் காண்பது நமக்குப் புதிதும் அன்று. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மறைசாட்சியாக இறப்பதற்காக உரோமைக்கு இட்டுச்செல்லப்பட்ட வழியில் அந்தியோக்கியாவின் ஆயர் புனித இஞ்ஞாசியார் எபேசு நகரத்தார்க்கு ஒரு மடல் வரைந்தார். யாழில் நரம்புகள் பொருந்தியிருப்பதுபோல் மூப்பர்கள் ஆயரோடு பொருந்தியிருப்பதை அதில் பாராட்டுகிறார். மக்கள் ஒவ்வொருவரும் அப்பாடகர் குழுவில் சேர்ந்து, இறைவனிடமிருந்து சுருதி பெற்று, ஒரே குரலாய்த் தந்தைக்குப் பாட வேண்டும் என்று விரும்புகிறார். இஞ்ஞாசியார் வாக்கில் ஒரு நுட்பம் உண்டு. சுருதி இறைவனுடையது. ஆயரோ மூப்பரோ அதற்கு உடைமையாளர் அல்லர். அவர்களும் அச்சுருதிக்குக் கட்டுப்பட்டவர்களே. பொல்லாக்கின் படமோ ஒவ்வொருவரும் தமக்குரிய சுரத்தைத் தமக்குள்ளேயே தேடிக்கொள்ளலாம் என்கிறது. அந்தச் சுரங்களையெல்லாம் இசைவிக்கும் சுருதியை எங்கிருந்து பெறுவது என்ற கேள்விக்கு மட்டும் அது விடை சொல்லாமல் நழுவுகிறது.

தியோத்திரபுவின் நிழல்

இனிப் போதகரிடம் வருவோம். ஸ்டிக் என்பது அவர் பெயர். தொடக்கத்தில் அவர் டேனியலை முறையாகவே வரவேற்கிறார். வீடு தேடிச் சென்று மறைநூலைப் பரிசளிக்கிறார். ஆனால் பாடகர் குழு வளர வளர, அவர் முகம் சுருங்குகிறது. தம் மறையுரைக்குக் கிடைக்காத கவனம் வியாழக்கிழமைப் பயிற்சிக்குக் கிடைப்பதைக் காண்கிறார். தம் மனைவியின் முகத்தில் தம்மால் வரவழைக்க இயலாத மலர்ச்சியை வேறொருவரின் இசை வரவழைப்பதைக் காண்கிறார். குழுவிலேயே குறைகாணும் கண்ணுடைய சிவ் என்ற பெண்மணி அவர் செவியில் புகார்களைச் சேர்க்கிறார். முடிவில் ஸ்டிக் டேனியலைப் பணிநீக்கம் செய்கிறார். குழுவினரோ டேனியலின் பின்னே சென்று, ஆலயத்துக்கு வெளியே தங்கள் பயிற்சியைத் தொடர்கிறார்கள்.

இக்காட்சிகளைக் கண்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது யோவான் எழுதிய மூன்றாம் திருமுகம். ஒரே அதிகாரம் கொண்ட அச்சிறு மடல் முழுவதும் விருந்தினரைப் பற்றியதே. ஊர்விட்டு ஊர் சென்று பணியாற்றிய சகோதரர்களை அன்போடு ஏற்று வழியனுப்பிய காயு என்பவரை அது பாராட்டுகிறது. எதிலும் தானே முதல்வனாக இருக்க விரும்பிய தியோத்திரபு என்பவனைக் கண்டிக்கிறது. அவன் வந்த சகோதரர்களைத் தானும் ஏற்கவில்லை, ஏற்க விரும்பியவர்களையும் தடுத்தான், திருச்சபையிலிருந்தே வெளியேற்றினான். அவனிடம் தவறான கொள்கை எதுவும் இருந்ததாக மடல் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விருந்தினரைக் கண்டால் தன் இருக்கை ஆடுவதாக அஞ்சியதே அவன் குற்றம். ஸ்டிக் அந்தத் தியோத்திரபுவின் நிழல்.

ஒப்புதல் வாக்குமூலம் என்று தொடக்கத்தில் சொன்னேன். அது இதுதான்.

பங்குத்தந்தையாக நான் பொறுப்பேற்ற தொடக்க ஆண்டுகளில், ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் ஒருவர் தம் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்க எங்கள் ஊருக்கு வந்தார். பாஸ்கா திருவிழிப்புப் பாடல்களைப் பயிற்றுவிக்குமாறு பாடகர் குழுவினர் அவரைக் கேட்டார்கள். என்னிடமும் அனுமதி பெற்றார்கள். நானும் மகிழ்ச்சியோடு தந்தேன். அவர் வந்த பின் பயிற்சிக்கு வருவோர் தொகை கூடிற்று. திக்கிப் பேசும் சிறுவன் ஒருவனையும் அவர் குழுவில் சேர்த்துக்கொண்டார். பேசும்போது திக்குபவர் பலர் பாடும்போது தடையின்றிப் பாடுவர் என்பதை நான் அன்றுதான் கண்ணாரக் கண்டேன். அச்சிறுவனின் தாய் கோவில் முற்றத்தில் நின்று அழுதாள்.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மக்கள் என்னிடம் வந்து பேசிவிட்டுப் போவது வழக்கம். சில வாரங்களில் அவர்கள் அந்த ஆசிரியரைச் சூழ்ந்து நிற்கத் தொடங்கினார்கள். எனக்கு ஏதோ உறுத்திற்று. அடுத்த வாரம், பாடல்களையெல்லாம் முன்கூட்டியே என்னிடம் எழுதிக் காட்ட வேண்டும் என்றேன். அதற்கடுத்த வாரம், இரவு எட்டு மணிக்கு மன்றத்தைப் பூட்டிவிட வேண்டும் என்றேன். இரண்டும் நியாயமான விதிகள்தாம். வழிபாட்டுப் பாடல்களுக்குப் பங்குத்தந்தை பொறுப்பாளர் என்பதை யார் மறுக்க முடியும்? ஆனால் அவ்விதிகளை நான் எதற்காக அன்று கண்டுபிடித்தேன் என்பது எனக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். ஆசிரியர் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. மகளுக்கு உடல்நலம் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டார். விருந்தினர் முகத்தை அனிச்ச மலரினும் மென்மையானதாக வள்ளுவர் கண்டது ஏன் என்று அன்று புரிந்துகொண்டிருக்க வேண்டும். அவ்வாண்டுத் திருவிழிப்பில் பாடல்கள் பிழையின்றியே ஒலித்தன. அந்தச் சிறுவன் மட்டும் குழுவில் இல்லை. நான் அவனைத் தேடவும் இல்லை.

ஆகவே ஸ்டிக்கைப் பார்த்து, "அருள்பணியாளரை இப்படியா காட்டுவது!" என்று கோபப்பட எனக்குத் தகுதியில்லை. படம் தொட்டிருப்பது உண்மையான புண்.

பாவம் இல்லையா?

ஆயினும் படத்தோடு எனக்கு வழக்கும் உண்டு. போதகரின் மனைவி இங்கர் ஒரு காட்சியில் கணவரோடு வாதிடுகிறாள். பாவம் என ஒன்று இல்லை. மக்களைத் தன் பிடியில் வைத்திருக்கத் திருச்சபையே அதை உண்டாக்கியது. கடவுள் யாரையும் தண்டித்ததில்லை ஆதலால் மன்னிக்கவும் தேவையில்லை என்ற பொருள்பட அவள் பேசுகிறாள். கணவன் ஒளித்துவைத்திருக்கும் ஆபாச இதழ்களைப் பற்றியும் தனக்குத் தெரியும் என்கிறாள். அவள் சினத்தில் நீதி இருக்கிறது. நடிகை இங்கெலா ஒல்சன் அதை உள்ளம் பதறும்படி நடித்திருக்கிறார். இளைஞர்கள் கைதட்டும் இடமும் இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் படமே இங்கருக்கு மறுப்புச் சொல்கிறது. கபிரியேலா என்ற பெண்ணின் முகத்தில் அவள் கணவன் கோனி உண்டாக்கிய காயங்களுக்கு என்ன பெயர்? ஹோல்ம்பிரீட் என்ற பருத்த மனிதரைப் பள்ளி நாள் முதல் உடற்பருமனைச் சொல்லியே கடைக்காரர் ஆர்னே கேலி செய்துவந்தாரே, அந்த ஆண்டுகளுக்கு என்ன பெயர்? பாவம் என்ற சொல்லை அகராதியிலிருந்து நீக்கிவிட்டால், அடிபட்டவளுக்கு நேர்ந்ததைக் குறிக்கவும் சொல் இல்லாமற் போகும். பாவத்தைப் பற்றி ஓயாது பேசி மக்களை அச்சுறுத்திய மேய்ப்பர்கள் திருச்சபையில் இருந்திருக்கிறார்கள் என்பது மெய். அதற்கு மருந்து பாவம் இல்லை என்பதன்று. மன்னிப்பு உண்டு என்பதே.

இதில் ஒரு வியப்பு என்னவெனில், சொல்லளவில் பாவத்தை மறுக்கும் இப்படம், காட்சியளவில் ஒப்புரவு அருளடையாளத்தையே மீண்டும் மீண்டும் காட்டுகிறது. ஹோல்ம்பிரீட் ஒருநாள் பயிற்சியின் நடுவே பொறுமை இழந்து வெடிக்கிறார். அத்தனை ஆண்டுக் காயத்தையும் எல்லார் முன்னிலையிலும் கொட்டுகிறார். ஆர்னே திகைத்து நிற்கிறார். முதியவர் ஒருவர், பள்ளிப் பருவம் முதல் தாம் மனத்துள் மறைத்துவைத்த அன்பை அதே குழுவைச் சேர்ந்த முதியவள் ஒருத்தியிடம் வாய்விட்டுச் சொல்கிறார். மறைந்து கிடந்தது வெளிப்படுகிறது, வெளிப்பட்டது ஏற்கப்படுகிறது, ஏற்கப்பட்டவர் பாடுகிறார். இது ஒப்புரவின் ஒழுங்கன்றி வேறென்ன? கபிரியேலாவுக்கென டேனியல் இயற்றிக் கொடுக்கும் பாடலும் அப்படியே. அடிபட்டு ஒடுங்கியவள் ஊரார் முன் நிமிர்ந்து நின்று, தன் வாழ்வு தனக்குரியது என்று பாடுகிறாள். ஸ்டெஃபான் நில்சன் இசையமைத்து, ஹெலன் ஷோஹோம் பாடி நடித்த அப்பாடல் சுவீடனில் பெரும்புகழ் பெற்றதில் வியப்பில்லை. அது ஓர் உயிர்ப்பின் பாடல். உயிர்ப்பு என்ற சொல்லைப் படம் பயன்படுத்தவில்லை, அவ்வளவே.

இசையே வழிபாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்வது படத்தின் மற்றொரு குறை. படத்தில் பாடகர் குழுவே திருச்சபையாகிவிடுகிறது; ஆலயமோ பூட்டும் சாவியும் வைத்திருக்கும் அலுவலகமாகச் சுருங்கிவிடுகிறது. தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் புனித அகுஸ்தீனார், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் கவர்ந்துவிடும் தருணங்களைக் குறித்து வருந்துகிறார். அதே இடத்தில், தாம் மனம் திரும்பிய நாள்களில் திருச்சபையின் பாடலைக் கேட்டுக் கண்ணீர் வடித்ததையும் நன்றியோடு நினைவுகூர்கிறார். அச்சமும் நன்றியும் ஒருசேரக் கொண்ட அந்தச் சமநிலை பொல்லாக்கிடம் இல்லை. ஸ்டிக்கிடம் அச்சம் மட்டும் உண்டு; டேனியலிடம் நன்றி மட்டும் உண்டு.

இடம் கிடைக்காத ஒருவர்

என் வழக்கின் மையம் இனித்தான் வருகிறது. டோரேக்கு இடம் உண்டு. ஹோல்ம்பிரீட்டுக்கு இடம் உண்டு. ஊர் பழிதூற்றிய இளம்பெண் லேனாவுக்கு இடம் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு சுரம் உண்டு என்று இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் போதிக்கும் இப்படத்தில், சுரம் தேடித் தரப்படாத மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் போதகர் ஸ்டிக். அவரை இயக்குநர் உள்ளிருந்து பார்க்கவே இல்லை. ஒளித்துவைத்த இதழ்கள், பொறாமை, அதிகாரம் எனக் குற்றப்பட்டியல் நீள்கிறது. மனைவியையும் மக்களையும் இழந்து நிலைகுலையும்போதும் அவர்மேல் நமக்கு இரக்கத்தைவிட அருவருப்பே தோன்றுமாறு காட்சிகள் அமைந்துள்ளன. அவர் ஏன் இந்தப் பணிக்கு வந்தார், எந்த நாளில் அவருடைய மறையுரை வறண்டது, தனிமையில் அவர் யாரிடம் பேசினார் என்ற கேள்விகளுள் ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. குழுவிலிருந்து யாரும் அவரிடம் சென்று, "நீங்களும் வந்து எங்களோடு தரையில் படுங்கள்" என்று அழைக்கவில்லை.

விருந்தோம்பலைப் பற்றிய படம் ஒரு மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டது. விருந்தினரை ஏற்காத குற்றத்துக்காக ஸ்டிக்கைக் கண்டிக்கும் கலைஞர், அதே குற்றத்தைத் தாமே ஸ்டிக்குக்கு இழைத்துவிட்டார். இதைப் பொல்லாக் தாமே பின்னர் உணர்ந்தாரோ என எண்ணத் தோன்றுகிறது. 2015இல் அவர் இக்கதையின் தொடர்ச்சியாக 'மண்ணுலகிலும்' என்ற பொருள்படும் படத்தை இயக்கியபோது, தளர்ந்துபோன அதே போதகரிடமும் வெறுமையான அதே ஆலயத்திடமும் திரும்பி வந்தார். செபத்தின் முற்பாதியில் வெளியே நிறுத்தப்பட்டவரை அதன் பிற்பாதியில் அழைத்துக்கொண்டார் போலும்.

பொதுநிலை வாசகர்களும் இங்கே தப்பித்துவிட இயலாது. தியோத்திரபுகள் பீடத்தண்டை மட்டும் நிற்பதில்லை. பாடகர் குழுவின் முன்வரிசையிலும் நிற்கிறார்கள். இருபது ஆண்டுகளாகத் தாமே பாடிவரும் பதிலுரைப்பாடலைப் பிறருக்கு விட்டுத்தர மனமில்லாதவரும், கீபோர்டை வேறொருவர் தொடுவதைப் பொறுக்காதவரும், புதிதாகக் குடிவந்த குடும்பத்துப் பெண்ணின் குரல் இனிது என்பதற்காகவே அவளைப் பின்வரிசைக்குத் தள்ளுபவரும் எந்தப் பங்கில் இல்லை? சிவ் என்ற பெண்மணியைப் பார்த்து நகைத்த நம்மில் பலர், அவரைப் போலவே பங்குத்தந்தையின் செவியில் ஏதேனும் சேர்த்தவர்களே. கேட்ட செவியும் குற்றமுடையதே என்பதை நான் மறுக்கவில்லை.

நானும் ஒரு விருந்தினரே

படத்தின் முடிவைக் கூறாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. குழு ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகருக்குப் பாடற்போட்டி ஒன்றுக்காகச் செல்கிறது. குழுவினர் மேடையில் நிற்கிறார்கள், நடத்துநர் வரவில்லை. அவரோ அதே கட்டடத்தின் ஓர் ஒதுக்கிடத்தில் இதயம் தளர்ந்து விழுந்து கிடக்கிறார். மேடையில் கலக்கம். அப்போது டோரே தன் ஒற்றைச் சுரத்தை எழுப்புகிறான். பக்கத்தில் நின்றவர் அதைப் பற்றிக்கொள்கிறார். பின் குழு முழுவதும். பின் அரங்கில் அமர்ந்திருந்தோர் அனைவரும் எழுந்து சேர்ந்துகொள்கிறார்கள். கீழே கிடப்பவர் அதைக் கேட்டவாறே கண்மூடுகிறார். மிகையுணர்ச்சி என்று குறைசொல்வோர் உண்டு. இசை நடத்துநரை ஏறத்தாழ மீட்பராகவே ஆக்கிவிட்டார் என்ற குறையையும் நான் ஏற்கிறேன். ஒரு குழுவைப் பத்தாண்டு, இருபதாண்டு பேணிக் காக்கும் கடினமான வேலையிலிருந்து சாவு அவரைத் தப்பவும் வைத்துவிட்டது!

எனினும் அக்காட்சியில் ஓர் உண்மை இருக்கிறது. நடத்துநர் இல்லாதபோதும் குழு பாடிற்று. அதைத் தொடங்கி வைத்தவனோ, ஒருகாலத்தில் குழுவுக்குத் தகுதியற்றவன் எனத் தள்ளப்பட்டவன். விருந்தினர் விட்டுச்சென்ற கொடை அதுவே. தமக்குப்பின் வருபவர் வளர வேண்டும், தாம் குறைய வேண்டும் என்று திருமுழுக்கு யோவான் மகிழ்ந்தது இந்த மகிழ்ச்சியைத்தானே!

இதை எழுதும்போது என் அறையின் மூலையில் உள்ள இரண்டு பெட்டிகள் கண்ணில் படுகின்றன. பங்குத்தந்தையின் வாழ்வு அவ்வளவே. ஆயரிடமிருந்து ஒரு மடல் வரும். அடுத்த பங்குக்குப் புறப்பட வேண்டும். நான் வருமுன்பே இங்கே மக்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் சென்ற பின்னும் பாடுவார்கள். சுருதி என்னுடையது அன்று. பாட்டும் என்னுடையது அன்று. சில ஆண்டுகளுக்குக் கோலை என் கையில் தந்திருக்கிறார்கள். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரைப் போல, டேனியலைப் போல, நானும் இங்கே விருந்தினன். இதை மறந்த நாளில்தான் ஸ்டிக் கெட்டார். இதை மறந்த நாளில்தான் நானும் கெட்டேன்.

குறுந்தகட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த இளைஞர், "எப்படி இருந்தது சாமி?" என்று கேட்டார். வருகிற திருவருகைக்காலத்தில் நம் குழுவைப் பயிற்றுவிக்க வெளியிலிருந்து ஒருவரை அழைக்கலாமா என்று திருப்பிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "மன்றத்தை எத்தனை மணிக்குச் சாமி பூட்டணும்?" என்றார். பயிற்சி முடிந்த பிறகு பூட்டலாம் என்றேன். பயிற்சிக்கு நானும் வருவேன், கடைசி வரிசையில் எனக்கும் ஓர் இடம் வையுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். குரல் எனக்கு நன்றாக இராது. கேட்கப் பழகலாம் அன்றோ?